கண்ணாடித் தொட்டியும் கோமாளி மீன்களும்: நாம் ஏற்ற அமானிதம்



வசதியுள்ள நம் இல்லங்கள் பலவற்றின் கூடத்தில் இன்று ஒரு மீன்தொட்டி இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம். நன்னீரில் தங்கமீன் வளர்த்ததோடு நில்லாமல், கடல்நீரையே வீட்டுக்குள் உண்டாக்கி, பவளத்திட்டுகளில் வாழும் வண்ண மீன்களை வளர்க்கும் ஆர்வமும் பெருகிவருகிறது. அவற்றுள் குழந்தைகளின் உள்ளத்தை முதலில் கவர்வது கோமாளி மீன். ஆரஞ்சு உடலும், அதில் வெண்பட்டைகளும், தத்தித் தத்தி நீந்தும் அழகும் கொண்ட அச்சிறு மீனைக் காணும்போது, 'சுப்ஹானல்லாஹ்' என்று நா தானே மொழியும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தின் வாயிலாக உலகெங்கும் உள்ள பிள்ளைகள் இதனை அறிந்துகொண்டனர்.

கோமாளி மீன் என்பது ஒரே மீன் அன்று. ஏறத்தாழ 30 இனங்கள் இப்பெயரில் அடங்கும். ஆரஞ்சு, தக்காளிச் சிவப்பு, கருஞ்சிவப்பு, மஞ்சள், கருமை என ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். ஆகவே, தொட்டி வைத்திருப்போர் அனைவரின் உள்ளத்திலும் ஒரு நாள் இந்த ஆசை எழுகிறது: இவற்றுள் பல இனங்களை வாங்கி ஒரே தொட்டியில் விட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்!

இந்த ஆசையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் உங்களோடு பேச விழைகிறேன். அதற்கு முன், என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் சொன்ன ஒரு சொல்

ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய ஒன்பது வயது மகள் மாலை மத்ரஸாவில் என்னிடம் ஓதும் மாணவி. அவர்கள் வீட்டில் நான்கடி நீளத் தொட்டியில், ஒசெல்லாரிஸ் என்னும் இனத்துக் கோமாளி மீன்கள் இரண்டு, சாய்த்து வைத்த ஒரு மண்சட்டியைத் தம் வீடாகக் கொண்டு நீந்திக்கொண்டிருந்தன. பெரியது பெண் என்றும் சிறியது ஆண் என்றும் அச்சிறுமி எனக்கு விளக்கினாள். அவற்றின் அழகில் மயங்கிய நான், "இவ்வளவு பெரிய தொட்டியில் இரண்டே மீன்களா? இதே குடும்பத்தில் சிவப்பு நிறத்தவையும் உண்டாமே, அவற்றையும் சேர்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்குமே" என்று சொல்லிவிட்டேன்.

அது அறியாமல் சொன்ன சொல். ஆனால் "ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார்கள்" என்று சிறுமி தன் வாப்பாவை வற்புறுத்த, அடுத்த வாரமே மரூன் எனப்படும் கருஞ்சிவப்பு மீன் ஒன்றும், தக்காளிக் கோமாளி ஒன்றும் அத்தொட்டிக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே குடும்பம், ஒத்துப்போகும் என்று கடைக்காரரும் உறுதி கூறினாராம்.

நான்கு நாட்கள் அமைதியாகக் கழிந்தன. ஐந்தாம் நாள் மரூன் அந்த மண்சட்டியைத் தனதாக்கிக்கொண்டது. பழைய இணை இரண்டும் தொட்டியின் மேல்மூலைக்குத் துரத்தப்பட்டன. உணவு போடும்போது மட்டும் அவை அஞ்சி அஞ்சிக் கீழிறங்கும், உடனே துரத்தப்படும். பன்னிரண்டாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் பார்த்தபோது, சிறிய ஒசெல்லாரிஸ் துடுப்புகள் கிழிந்து, வடிகட்டிக் குழாயின் பின்னே இறந்து கிடந்தது.

அன்று மாலை மத்ரஸாவில் அச்சிறுமி கலங்கிய கண்களோடு என்னிடம் கேட்டாள்: "ஹஜ்ரத், அது ஏன் ஓடிப்போகவில்லை?"

எங்கே ஓடும், நேயர்களே? நான்கு புறமும் கண்ணாடி. பதில் சொல்ல இயலாமல் நின்றேன். அதன் பிறகே இம்மீன்களைப் பற்றித் தேடிப் படித்தேன். வளர்ப்பில் அனுபவமுடையோரை அணுகிக் கேட்டேன். முன்னரே அறிந்திருந்தால் ஓர் உயிர் போயிருக்காது. அறிந்தவற்றை உங்கள் முன் வைப்பது இனி என் கடமை.

கடலில் அவற்றின் இல்லறம்

கோமாளி மீன்கள் இந்துமாக்கடலிலும் பசிபிக் மாக்கடலிலும், செங்கடலிலும் வாழ்பவை. அட்லாண்டிக் கடலில் இவை கிடையா. வெதுவெதுப்பான, ஆழங்குறைந்த பவளத்திட்டுகளே இவற்றின் ஊர். அங்கே கடல் சாமந்தி என்னும் உயிரினம் பாறையில் ஒட்டிக்கொண்டு, பூவிதழ்போல் தன் கைகளை விரித்து அசைந்துகொண்டிருக்கும். பார்வைக்குப் பூ; ஆனால் அது கொட்டும் நஞ்சுடைய விலங்கு. வேறு சிறு மீன்கள் அதில் பட்டால் இரையாகிவிடும். கோமாளி மீனுக்கு மட்டும் அதன் உடலைப் போர்த்திய வழவழப்பான பூச்சு பாதுகாப்பளிக்கிறது. பிற மீன்களுக்குக் கொலைக்களமாகும் அந்த இடத்தையே இதற்கு இல்லமாக்கித் தந்த இறைவனின் ஏற்பாட்டை என்னென்பது!

இந்த உறவில் இரு தரப்பும் பயனடைகின்றன. சாமந்தி மீனைப் பகைவரிடமிருந்து காக்கிறது. சாமந்தியைக் கடித்துத் தின்ன வரும் மீன்களைக் கோமாளி விரட்டுகிறது. அதன் கழிவு சாமந்திக்கு ஊட்டமாகிறது. உலகக் கடல்களில் ஏறத்தாழ ஆயிரம் வகைக் கடல் சாமந்திகள் இருப்பினும், கோமாளி மீன்களுக்கு இடமளிப்பவை 10 வகைகளே. ஆகவே இம்மீன்களின் வாழ்வில் வீடு என்பது அரிய பொருள். வீடில்லாத கோமாளி மீன் திறந்த கடலில் நெடுநேரம் உயிர் தரிப்பதில்லை. அவை வீட்டுக்காக உயிரைக் கொடுத்துப் போராடுவதற்குக் காரணம் இதுவே.

ஒரு சாமந்தியில் ஒரு சிறு குடும்பம் வாழும். அதில் மிகப் பெரியது பெண். அதற்கடுத்தது அதன் துணையான ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. வளரும்போது இவை முதலில் ஆணாகவே முதிர்கின்றன. பெண் இறந்துவிட்டால் அதன் துணையான ஆண் பெண்ணாக மாறும். அடுத்த நிலையிலிருந்த சிறியது ஆணாக முதிரும். ஒருமுறை பெண்ணானது மீண்டும் ஆணாவதில்லை. இச்செய்தியை நினைவில் வையுங்கள். மீன் வாங்கும்போது பயன்படும்.

இதனினும் வியப்பான ஒன்று உண்டு. பாப்புவா நியூ கினியாக் கடலில் பெர்க்குலா என்னும் இனத்தை ஆய்ந்த பீட்டர் பஸ்டன் என்னும் அறிஞர், 2003இல் தம் முடிவை வெளியிட்டார். வரிசையில் கீழே உள்ள மீன், தனக்கு மேலுள்ளதை எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கிறது என்பதே அது. எட்டினால் மோதல் வரும்; தோற்றால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும்; வெளியேற்றம் என்பது மரணம். ஆகவே சிறியது சிறியதாகவே இருந்து தன் முறைக்காகக் காத்திருக்கிறது. வரிசையைக் காக்கும் இந்த ஒழுங்கே அக்குடும்பத்தின் அமைதிக்கு அடிப்படை.

பல இனங்கள் கடலில் சேர்ந்து வாழவில்லையா?

நியாயமான கேள்வி. வாழ்கின்றன. பாப்புவா நியூ கினியாவின் மடாங் பகுதியில் ஒன்பது கோமாளி இனங்கள் ஒரே கடற்பரப்பில் வாழ்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்து 2001இல் வெளியிட்டுள்ளனர். எப்படி முடிகிறது? ஒவ்வோர் இனமும் தனக்குரிய சாமந்தி வகையைத் தெரிந்துகொள்கிறது. ஒரே வகைச் சாமந்தியை நாடும் இனங்களும் கரைக்கு அருகே ஒன்று, வெளித்திட்டில் ஒன்று என இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. சுருங்கச் சொன்னால் ஊர் ஒன்று, வீடு வேறு, தெரு வேறு.

இந்தோனேசியா போன்ற பகுதிகளில் சில வேளைகளில் இரண்டு இனங்கள் ஒரே சாமந்தியிலேயே வாழ்வதும் உண்டு. அங்கும் பெரும்பாலும் இரண்டின் உடலளவும் நடத்தையும் வேறுபட்டிருக்கும். கிளார்க்கி என்னும் வலிய இனம் சாமந்தியைச் சுற்றிலும் உலவ, முதுகில் வெண்கோடுடைய மெலிந்த இனம் இதழ்களுக்கிடையிலேயே ஒடுங்கி வாழும். ஒன்று மற்றொன்றின் இடத்தை விரும்பாதவரை அமைதி நிலவும். வேண்டாமெனில் விலகிச் செல்லவும் கடல் பரந்து கிடக்கிறது.

ஜப்பானின் ஒகினாவா தீவிலுள்ள ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஒரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. மூன்று வெண்பட்டைகளையுடைய ஒசெல்லாரிஸ் மீன்கள், வந்த மீனின் பட்டைகளை எண்ணிப் பார்ப்பதுபோல் நடந்துகொள்கின்றன. தம்மைப் போலவே மூன்று பட்டைகள் கொண்டவற்றைக் கடுமையாகத் தாக்கின. பட்டை குறைந்தவற்றையும் பட்டையே இல்லாதவற்றையும் அவ்வளவாகத் தாக்கவில்லை. தன் இனத்தவனே தன் வீட்டுக்கும் துணைக்கும் முதற்போட்டியாளன் என்பதை அது அறிந்திருக்கிறது.

இதனைக் கேட்டவுடன், "அப்படியானால் வேறு இனங்களைச் சேர்த்தால் சண்டை வராதே!" என்று சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் இடறுகிறோம். சாதுவான ஒசெல்லாரிஸ் வந்த விருந்தினரைத் தாக்காமலிருக்கலாம். ஆனால் வந்த விருந்தினர் வீட்டையே கேட்டால்? நம் தொட்டியில் வீடு ஒன்று; அதை விரும்புவோர் பலர்; விலகிப்போக வழியில்லை. கடலில் துரத்தல் சில நொடிகளில் முடிந்துவிடும். கண்ணாடிக்குள் அதே துரத்தல் காலை முதல் இரவு வரை நீடிக்கிறது. கடிபட்ட காயத்தைவிட, ஓயாத அச்சமும் பட்டினியும் அதனால் வரும் நோயுமே பல மீன்களைக் கொல்கின்றன.

எந்த இனம் எப்படி?

குணத்தை அறியாமல் கூட்டுச் சேர்க்கலாகாது. கடைகளில் கிடைக்கும் இனங்களின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ஒசெல்லாரிஸும் பெர்க்குலாவும் தோற்றத்தில் இரட்டையர்போல் இருப்பவை, குணத்திலும் சாதுவானவை. புதிதாக வளர்ப்போருக்கு ஏற்றவை இவையே. இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் கடுஞ்சண்டை வராது. ஆயினும் ஒன்றோடொன்று இணைசேர்ந்து கலப்புக் குஞ்சுகள் பிறக்க வாய்ப்புண்டு. கடலில் ஒன்று அந்தமான் முதல் தென்கிழக்காசியா வரையிலும், மற்றொன்று பாப்புவா நியூ கினியாவை ஒட்டியும், வெவ்வேறு எல்லைகளில் வாழ்பவை. படைத்தவன் தனித்தனியே வைத்த இரு குலங்களை நம் கண்ணின் விருப்பத்திற்காகக் கலக்க வேண்டுமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

முதுகில் வெண்கோடுடைய ஸ்கங்க் வகைகள் கூச்சமுடையவை. பிற கோமாளிகளோடு சேர்த்தால் இவையே முதலில் ஒடுக்கப்படும்.

தக்காளிக் கோமாளி, கிளார்க்கி ஆகியவை இளமையில் அடக்கமாக இருந்து, வளர்ந்தபின் உரிமை கொண்டாடுபவை. வாங்கும்போது விரலளவு இருந்த மீன் ஓரிரு ஆண்டுகளில் கையகலம் வளர்ந்து, தொட்டியில் கைவிடும் நம்மையே கடிக்க வரும்.

மரூன் அனைத்திலும் கடுமையானது. அதன் பெண் 15 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். கன்னத்தில் முள் உண்டு. இதனை வேறெந்தக் கோமாளி இனத்தோடும் சேர்க்கலாகாது என்பதே அனுபவமுடையோர் ஒருமித்துக் கூறும் கருத்து. நண்பர் வீட்டில் நேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

தீர்ப்பு என்ன?

ஆக, வீட்டுத் தொட்டிக்குரிய விதி எளியது: ஒரு தொட்டிக்கு ஓர் இனம், அவ்வினத்திலும் ஓர் இணை.

"எங்களிடம் மிகப் பெரிய தொட்டி இருக்கிறது" என்போருக்கும் ஒரு சொல். ஆறடிக்கும் மேற்பட்ட நீளமும், இரு கோடிகளிலும் தனித்தனி வீடும், நடுவே பார்வையை மறைக்கும் பாறை அடுக்கும், சம அளவில் சாதுவான இனங்களும், ஒரே நாளில் இரண்டையும் விடும் ஏற்பாடும் இருந்தால், இரண்டு இணைகள் ஒத்துவாழ்வது சில இல்லங்களில் நடந்திருக்கிறது. ஆனால் அதற்கும் உறுதி இல்லை. ஓராண்டு அமைதியாக இருந்தவை, முட்டையிடும் பருவம் வந்ததும் தொட்டியின் பாதியையும் தமதென்று கொள்வதுண்டு. அத்தகைய நிலையில் பிரித்துவிட மற்றொரு தொட்டி ஆயத்தமாக இல்லாதவர் இம்முயற்சியில் இறங்குவது முறையன்று.

சண்டையின் அடையாளங்களை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். சிறியது பெரியதன் முன் உடலைச் சாய்த்து நடுநடுங்குவது சண்டையன்று. அது பணிவின் அடையாளம். பெரியது அதை ஏற்றுக்கொண்டால் குடும்பம் அமைந்துவிடும். ஆனால் ஒரு மீன் எந்நேரமும் மேல்மூலையிலோ குழாயின் பின்னோ ஒடுங்கி நிற்பது, உணவுக்கு வராமலிருப்பது, துடுப்பு கிழிந்திருப்பது, வேகமாக மூச்சு வாங்குவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். 'நாளை சரியாகிவிடும்' என்று காத்திராமல் அன்றே பிரித்துவிட வேண்டும். என் நண்பர் வீட்டில் ஏழு நாட்கள் காத்திருந்தார்கள்.

வளர்க்க முடிவு செய்தோருக்கு

ஓர் இணை ஒசெல்லாரிஸுக்குக் குறைந்தது 75 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும்; நூறு லிட்டருக்கு மேலிருந்தால் நீரின் தன்மையைச் சீராக வைப்பது எளிது. கடைகளில் கிடைக்கும் கடல்மீன் உப்பை, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் கரைத்துப் பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பு உதவாது. நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரையும், வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையும் இருத்தல் நலம். நம்மூர்ச் சித்திரை வெயிலில் தொட்டிநீர் இந்த அளவைத் தாண்டிவிடும். நீரைக் குளிர்விக்கும் கருவி வாங்க இயலாதோர், நீரின் மேற்பரப்பில் படுமாறு சிறு மின்விசிறி வைப்பதுண்டு. அப்போது ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்புநீர் ஊற்றாமல் நன்னீரே ஊற்ற வேண்டும்; நீர்தான் ஆவியாகுமேயன்றி உப்பு ஆவியாவதில்லை.

பலரும் செய்யும் பெரும்பிழை, தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா கொடிய நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சோதித்துப் பார்க்கும்போது அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக வந்த பின்னரே மீனை விட வேண்டும். அதன் பிறகும் வாரந்தோறும் பத்து விழுக்காடு நீரை மாற்றி வர வேண்டும். புதிய மீனைத் தனித் தொட்டியில் நான்கு வாரங்கள் வைத்து, நோயில்லையென்று கண்டபின் சேர்ப்பது நன்று. கோமாளி மீன்களை மட்டுமே பெரிதும் தாக்கிச் சில நாட்களில் கொல்லும் தோல்நோய் ஒன்று உண்டு என்பதால் இது அவசியமாகிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: சோப்போ அத்தரோ படிந்த கையைத் தொட்டியில் விடாதீர்கள். கொசுமருந்தையும் சாம்பிராணிப் புகையையும் தொட்டி இருக்கும் அறையில் தவிர்த்துவிடுங்கள். காற்றுக்குழாய் வழியாக அவை நீரில் கலந்துவிடும். மின்சாரம் தடைப்படும் ஊர்களில் பேட்டரியில் இயங்கும் காற்றுக்கருவி ஒன்று கட்டாயம் கைவசம் இருக்கட்டும்.

கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழுமா என்று கேட்பீர்கள். தொட்டியில் பகைவர் இல்லையாதலால் வாழும். சாமந்தி வளர்ப்பது மீன் வளர்ப்பதினும் கடினம். வலிய விளக்கொளியும் பல மாதங்கள் பழகிய தொட்டியும் அதற்குத் தேவை. மீனுக்கு ஒரு மண்சட்டியே வீடாகப் போதும். பவளங்களைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மறந்துவிடலாகாது.

மீனை வாங்கும்போது, கடலில் பிடித்ததா, குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று கேட்டு, வளர்த்ததையே வாங்குங்கள். இது இன்று இயலாத செயலன்று. நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, கடலும் வறுமையடையாது.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். கடலில் பெர்க்குலா இனத்துப் பெண் மீன் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இன்று ஒன்பது வயதுப் பிள்ளைக்காக நாம் வாங்கும் மீன், அப்பிள்ளைக்கு நிக்காஹ் ஆகும் காலத்திலும் உயிரோடிருக்கலாம். ஒரு பண்டிகைப் பரிசாக வாங்கி, ஆசை தீர்ந்ததும் மறந்துவிடும் பொருளன்று அது.

மார்க்கம் காட்டும் எல்லை

உயிர்களை வீட்டில் வளர்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் இளம் சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு பறவையை வளர்த்து வந்தார். அப்பறவை இறந்து அவர் வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அன்போடு விசாரித்து அச்சிறுவரைத் தேற்றினார்கள். பிள்ளை பறவை வைத்திருந்ததை அவர்கள் கண்டிக்கவில்லை. இவ்வொரு நபிமொழியிலிருந்தே அறுபது பயன்களை எடுத்து, இப்னுல் காஸ் (ரஹ்) என்னும் ஷாஃபிஈ அறிஞர் தனி நூலே யாத்துள்ளார்.

ஆனால் அனுமதிக்கு ஓர் எல்லையும் உண்டு. பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் நீரும் கொடாமல், தானாக இரைதேடிக்கொள்ள விடவும் மறுத்து, அதன் சாவுக்குக் காரணமான பெண்மணி வேதனைக்கு ஆளானதை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகக் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. பல ஆண்டுகளாக இந்த நபிமொழியை மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். 'உணவு கொடுக்கவில்லை' என்பதையே அழுத்திச் சொல்லி வந்தேன். விட்டுவிடவும் இல்லை என்ற பகுதியின் கனம், அச்சிறுமியின் கேள்விக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று. ஓடித் தப்பும் வழியை அடைத்தவர் எவரோ, அவ்வுயிருக்கு நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி. கடலிலிருந்து ஒரு மீனைப் பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்த நொடியிலிருந்து, அதன் உணவும் நீரும் மட்டுமன்று, அதன் அச்சமின்மையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகிறது.

விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று அறிஞர்கள் சிலர் கூறினாலும், அதன் கருத்தை மார்க்க அறிஞர்கள் ஏற்றே வந்துள்ளனர். சேவற்சண்டையும் கிடாச்சண்டையும் கூடாதென்று மேடையில் முழங்கும் நாம், ஒத்துப்போகாத மீன்களை நான்கடிக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டு, அதன் முன் நாற்காலி போட்டு அமர்ந்து தேநீர் அருந்தலாமா? நோக்கம் சண்டையன்று, அழகுதான் என்று கூறலாம். துரத்தப்படும் மீனுக்கு நம் நோக்கத்தால் ஆவதென்ன?

சட்டிக்குள் ஒரு புது வரவு

நண்பர் வீட்டுச் செய்தியை முடித்துவிடுகிறேன். மரூன் மீனைத் தனித் தொட்டியுள்ள ஒருவருக்கு அளித்துவிட்டார்கள். தக்காளிக் கோமாளி கடைக்கே திரும்பிற்று. எஞ்சிய பெண் ஒசெல்லாரிஸ் சில நாட்கள் உண்ணாமலிருந்து, பின்னர் மெல்ல மெல்லத் தன் சட்டிக்குத் திரும்பியது. மேலும் ஒரு மாதம் பொறுத்திருந்து, அதே இனத்தில் தொட்டியில் பிறந்த மிகச் சிறிய குஞ்சு ஒன்றைத் தனியே வைத்துப் பார்த்துப் பிறகு விட்டார்கள். பெரியதொன்றை விட்டால் அதுவும் பெண்ணாக இருந்து, இருவரும் மோதுவர் என்பதை இம்முறை அறிந்திருந்தார்கள்.

முதல் நாள் பெரியது சிறியதைத் துரத்திற்று. சிறியது சாய்ந்து நடுங்கிற்று. மூன்றாம் நாள் இரண்டும் சட்டிக்குள் ஒன்றாக உறங்கின. "ஹஜ்ரத், அது ஓடிப்போக நினைக்கவில்லை" என்று அச்சிறுமி மத்ரஸாவில் வந்து சொன்னபோது, என் நெஞ்சிலிருந்த பாரம் சிறிது இறங்கிற்று. இன்ஷா அல்லாஹ், ஓரிரு ஆண்டுகளில் அச்சட்டியின் ஓரத்தில் முட்டைகள் தோன்றும். ஏறத்தாழ ஒரு வாரம் தந்தை மீன் அவற்றைத் துடுப்பால் விசிறிக் காத்து நிற்கும். இருள் கவிந்த ஓர் இரவில் அவை பொரியும். அக்காட்சி ஒன்று போதாதா, நேயர்களே? இன்னும் நான்கு நிறங்கள் அதற்கு மேல் எதற்கு?

உங்கள் இல்லத்தில் பல இனக் கோமாளி மீன்கள் இப்போது ஒரே தொட்டியில் இருக்குமானால், இவ்விதழை மூடிவைத்ததும் சென்று சிறிது நேரம் அத்தொட்டியைக் கவனியுங்கள். மேல்மூலையில் ஒன்று ஒடுங்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

நம் கைக்குள் வந்த உயிர்களிடம் இரக்கத்தோடும் நீதியோடும் நடந்துகொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.